மீன் பொறுக்கும் பிள்ளைகள்

பார்வையில்லாத பிள்ளைகள் போனில் கேட்கும் கதைப் புத்தகங்களுக்கு, படங்களை வார்த்தையில் எழுதிக் கொடுப்பது என் வேலை. படத்தில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும். அந்த விதியில் எனக்குப் பெருமை வேறு.

என் மூத்த சகோதரி, ராத்தாவின் மகளுக்குப் பார்வையில்லை. எழுதியதை முதலில் அவளுக்குத்தான் போட்டுக் காட்டுவேன். போன் வாசித்தது: "மூன்று பிள்ளைகள் ஈர மணலில் துள்ளும் மீன்களைப் பொறுக்குகிறார்கள். சிரிக்கிறார்கள்."

"சாச்சி, மீன் ஏன் மணல்ல கிடக்கு? கடல் எங்க?"

படத்தைத் திரும்பப் பார்த்தேன். கடல் வெகுதூரத்தில் ஒரு நீலக் கோடாகக் கிடந்தது. வரைந்தவர் மலைநாட்டுக்காரர், அவருக்குத் தெரியாது. கடலோரச் சாய்ந்தமருதில் பிறந்த எனக்கு எங்கே போனது கண்? சுனாமியன்று கடல் இப்படித்தான் உள்வாங்கியது. மீன் பொறுக்க ஓடிய எங்கள் தெருப் பிள்ளைகள் ஒருவரும் திரும்பவில்லை. கடல் வற்றினால் ஓட வேண்டும் என்பதை, எழுத்துக்கு முன்பே இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ராத்தாவின் கை நின்றது.

"கடல் தூரத்தில இருக்கு மகள்," என்றேன்.

அவள் எழும்பிவிட்டாள். "அப்ப ஓடச் சொல்லுங்க சாச்சி! கெதியாச் சொல்லுங்க!"

போனை நிறுத்தப் போனேன். என் விரல் தவறிப் பட்டதில், அது அதே குரலில் மறுபடி வாசித்தது: "சிரிக்கிறார்கள்."