கடைசி அத்தியாயம்

அத்தை தைத்து வைத்திருந்த வார இதழ்த் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தைக் கிழித்தவன் நான். பள்ளிக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் பொதிந்துபோகக் கிழித்தேன்.

இன்று மருமகள் முந்திரிக்கொத்து பொரித்த மணத்தில் சிறுவயதின் அந்த மாலை திரும்பியது. அம்மா பயறு வறுக்க, அத்தையிடம் அந்தத் தொடர்கதையை இரவல் வாங்கிய அக்கா உரக்க வாசித்தாள். கதை முடியுமுன் தாள் தீர்ந்தது. பிறகு முடிவைத் தானே கட்டிச் சொன்னாள்.

“எப்படியோ அந்தப் புள்ள கரசேந்துட்டா” என்று அம்மா கண்ணைத் துடைத்தாள். அக்காவை நினைத்து நான் பெருமையில் பூரித்தேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. பழி அக்காவின் மேல் விழுந்தது. அத்தை பிறகு அவளுக்குப் புத்தகமே தரவில்லை.

பல மாதம் தேடி எடுத்த அந்த அத்தியாயத்தின் நகலையும் பலகாரத்தையும் இன்று அக்காவிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி மாட்டி முழுதும் வாசித்தாள்.

“இதவிட நான் சொன்ன முடிவே கொள்ளாம், மக்கா.”

அதே தாளில் நாலு முந்திரிக்கொத்தைப் பொதிந்து என் கையில் தந்தாள்.