நாற்பது லிட்டர் கடல்

திருவண்ணாமலைக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இங்கே வருகிறவர்கள் மலையைப் பார்க்க வருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீட்டின் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் பவளமும் கடல் மீனுமாக ஓர் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்தே தீருவது என்று முடிவெடுத்த மேதை நான்.

சின்னதா, பெரியதா என்பதுதான் கேள்வி. சென்னைக் கடையில் இரண்டும் இருந்தன. ஒன்று நாற்பது லிட்டர். இன்னொன்று முந்நூறு லிட்டர், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கண்ணாடி போட்டது மாதிரி. இரண்டு மாதம் வீடியோ பார்த்தே நிபுணனாகிவிட்டிருந்த நான் சின்னதே போதும் என்றேன். சின்னது என்றால் வேலை கம்மிதானே? வீடியோக்களில் இதற்கு நேர்மாறாகத்தான் சொன்னார்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் ஒரு சின்னத் தப்புகூடப் பெரிதாகிவிடுமாம். அதெல்லாம் கவனமில்லாத ஆட்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி ஒரு வீடியோவும் பார்த்ததில்லை. பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் சொந்தக்காரர்களுக்கு எங்கள் வீடுதான் சத்திரம், அவள்தான் சமையல். கடைக்காரர் முன்னாலேயே சொன்னாள்.

"பெருசா வாங்குங்க. நாலு பேர் சாம்பார்ல கை தவறி ஒரு ஸ்பூன் உப்பு ஜாஸ்தியானா கீழதான் கொட்டணும். முப்பது பேர் சாம்பார்ல விழுந்தா யாருக்கும் தெரியாது."

"இது சாம்பார் இல்ல" என்றேன். அன்று நான் பேசியதில் அது ஒன்றுதான் சரி. கடைக்காரர் சிரித்தார். என் பக்கம்தான் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பது லிட்டர்தான் வீட்டுக்கு வந்தது. அதில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், மூன்று பவளங்கள். எங்கள் ஊர் வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் தினமும் ஒரு விரல் இறங்கும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே நின்றுவிடும். ஆகவே காலையில் உப்பளவு பார்ப்பேன், கேன் தண்ணீர் ஊற்றுவேன், மறுபடி பார்ப்பேன். சாயங்காலமும் அதே பூஜை. கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் அளவுகளை எழுதி வைப்பேன். ஆபீசில் என் மேஜையில் ஃபைல்கள் ஊறிக் கிடந்தன, அவற்றுக்கு இந்த யோகம் இல்லை.

முதல் பௌர்ணமிக்குப் போளூர் பக்கத்து கிராமத்திலிருந்து என் அக்கா வந்தாள். பள்ளிக்கூட நாட்களில் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுக் கழனி வேலைக்குப் போனவள். தொட்டி முன்னால் நின்று, "இன்னாடா தம்பி இது?" என்றாள்.

"கடல், அக்கா. கடலே நம்ம வீட்டுக்கு வந்துட்டுதுனு வச்சுக்கோ."

அவள் விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் ஆபீசில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

மூன்றாவது பௌர்ணமி முடிந்த காலை. சொந்தங்கள் எல்லாம் கிரிவலம் சுற்றிய களைப்பில் ஹால் முழுக்கப் படுத்திருந்தார்கள். தொட்டித் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீராக இருந்தது. இரண்டு மீன்களும் பக்கவாட்டில் மிதந்தன, பவளங்கள் சுருங்கிக் கிடந்தன. அடியில் பழுப்பாக ஒரு கட்டி. எடுத்து முகர்ந்து பார்த்தேன். வெல்லம்.

உடம்பில் மருவோ கட்டியோ வந்தால் கோயில் குளத்தில் வெல்லம் போடுவது எங்கள் ஜனங்களின் வேண்டுதல். வெல்லம் கரைவதுபோல அதுவும் கரைந்துபோகுமாம். குளம் தாங்கும். நாற்பது லிட்டர் தாங்குமா?

"யார் வேலை இது?" என்று நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"நான்தான்டா" என்றாள் அக்கா.

"உனக்கு அறிவு இருக்குதா?"

அவள் கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையை விலக்கினாள். காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி.

"மூணு மாசமா பெருசாவுது. குளத்துல போடலாம்னுதான் வெல்லம் கொண்டாந்தேன். கூட்டத்துல கிட்டயே போவ முடியல. நீதான இது கடல்னு சொன்ன? குளத்தவிட கடலுக்கு ஜாஸ்தி பலன்னு போட்டுட்டேன்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"ஏதாவது சொல்லிட்டாங்கன்னா? பயமா இருந்துதுடா."

மூன்று பௌர்ணமிகள் அவள் அதே ஹாலில், அதே தொட்டிக்கு ஓரடி தள்ளிப் படுத்திருக்கிறாள். தண்ணீரில் உப்பு ஓர் இம்மி கூடினால் கண்டுபிடித்துவிடும் நான், அக்கா வெயிலிலும் முந்தானையைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு இருந்ததை ஒரு தடவைகூட ஏனென்று கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. செத்த மீன்களை மறந்தே போனேன்.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும், அதுவரை எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அக்கா எங்கள் வீட்டிலேயே தங்கினாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மீனுங்கள கொன்னுட்டேனேடா" என்றாள்.

நான்காம் நாள் காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். தொட்டியைக் கழுவ வாளியோடு போனவன், அந்தக் கலங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு சமையலறைக்குப் போனேன். வெல்ல டப்பாவைத் திறந்து இரண்டு கட்டி எடுத்து வந்து தொட்டியில் போட்டேன். மீன் இல்லை, இனிமேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். திரும்பினால் மனைவி நின்றிருந்தாள்.

சாம்பார் கதையை எடுப்பாள் என்று பயந்தேன். "இன்னும் ரெண்டு போடுங்க" என்றாள்.

ரிசல்ட் நல்லபடியாக வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி. இப்போது ஹாலில் முந்நூறு லிட்டர் நிற்கிறது. ஏன் சார் திடீரென்று பெரியது என்று கடைக்காரர் கேட்டபோது, எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் ஜாஸ்தி வருவார்கள் என்றேன். அக்கா அதிலிருந்து இரண்டடி தள்ளியே நிற்கிறாள். ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"டாக்டர் இன்னா டாக்டர். நான் போட்ட வெல்லம்தான் காப்பாத்திச்சு."

உன்னுடையது இல்லை அக்கா, என்னுடையது என்று சொல்ல ஒவ்வொரு தடவையும் வாய்வரை வருகிறது.