காது மெஷினைப் பழக்கிய ஆறு வாரம்

தங்கபாய் டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தது 1934 ஜூன் 4, திங்கட்கிழமை. விலகியது 1954 ஆகஸ்டு 31. சேர்ந்த நாளையும் சேர்த்தால் இருபது வருஷம், இரண்டு மாதம், இருபத்தெட்டு நாள். இத்தனை காலமும் அவர் ஒன்றாம் வகுப்பைத் தவிர வேறு வகுப்பு எடுத்ததில்லை.

பள்ளிக்கூடம் தக்கலைக்கு மேற்கே நான்கு மைலில் இருந்தது. மிஷன் ஆரம்பப் பள்ளி, ஓட்டுக் கூரை, ஐந்து வகுப்பு. நான் தலைமை ஆசிரியர். டீச்சரின் வீடு பள்ளிக்கூட மதிலை அடுத்த இரண்டாவது வீடு. கணவர் இறந்த பிறகு தங்கை ஜெபகுமாரியோடு அங்கே இருந்தார். இருவருக்கும் டீச்சரின் சம்பளம் ஒன்றுதான் ஆதாரம்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'ழ' தவறாது என்று வட்டாரத்தில் பேர் இருந்தது. அது முழுக்க டீச்சரால் வந்த பேர். கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை 'வாளப்பழம்' என்று முனகினாலும், கரும்பலகைப் பக்கம் திரும்பியபடியே, "யாரு அது, பழத்துக்குள்ள மீனைக் கொண்டு வச்சது?" என்று கேட்பார். வாளை என்பது குளச்சலிலிருந்து வரும் மீன். வகுப்பே சிரிக்கும். சொன்ன பிள்ளையும் சிரித்துவிட்டுச் சரியாகச் சொல்லும்.

1952 நவம்பரில் டீச்சருக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது. முப்பத்தொரு நாள் படுத்திருந்தார். காய்ச்சல் போனபோது காதும் போயிருந்தது. மிகப் பலமாகப் பேசினால் மட்டும் ஏதோ கேட்கும். ஒன்றரை வருஷம் உதட்டைப் பார்த்தே சமாளித்தார். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு டீச்சரின் முதுகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கத் தெரியும். 'வாளப்பழம்' திரும்ப வந்தது. பெற்றோர் சிலர் மிஷன் மேனேஜரிடம் போனார்கள். மேனேஜர் கெட்டவரல்ல. ஜூலை மாதம் இன்ஸ்பெக்டர் வரும்போது டீச்சர் காது கேட்டுப் பாடம் நடத்தினால் இருக்கலாம், இல்லையென்றால் விலக வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

டீச்சரின் ஒன்றுவிட்ட தம்பி தேவகுமார் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். விஷயம் தெரிந்து அவர் ஒரு காது மெஷின் வாங்கி, 1954 மே 29 அன்று கொண்டுவந்தார். சோப்புப் பெட்டி அளவில் ஒரு டப்பா, அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் காதில் பொருத்தும் குமிழ். பத்து பேட்டரியும் கொண்டுவந்திருந்தார். அன்று மாலையே அவருக்கு ரயில் பிடிக்க வேண்டியிருந்ததால் நின்றுகொண்டே விளக்கினார்.

டீச்சர் குமிழைக் காதில் வைத்தார். அதே நேரத்தில் ஜெபகுமாரி கிணற்றடியில் வாளியைக் கீழே வைத்தாள். டீச்சரின் முகம் சுருங்கிப் போயிற்று. காக்கை கத்தியது, நாற்காலியை யாரோ இழுத்தார்கள். மூன்று நிமிஷத்துக்குள் குமிழைப் பிடுங்கிவிட்டார். தேவகுமார் என்னிடம், "முதல்ல அப்படித்தான் இருக்கும், சாரே. தினமும் அஞ்சாறு மணிக்கூர் போடணும். ஆறு வாரத்துல பழகிரும்" என்றார். இதை டீச்சருக்குச் சொல்ல நான் சிலேட்டை எடுத்தேன். சொன்னதைச் சொன்னபடியே எழுதுவது என் வழக்கம். 'தினமும் ஐந்தாறு மணி நேரம் போட வேண்டும். ஆறு வாரத்தில் பழகிவிடும்' என்று எழுதினேன். எது பழகும் என்று தேவகுமாரும் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை, டீச்சரும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு அதற்கு விளக்கம் கொடுத்தது ஜெபகுமாரி. "புதுச்சட்டியில அண்ணைக்கே மீன்கறி வைப்பாவளா, சாரே? கஞ்சித்தண்ணி ஊத்தி நாலஞ்சு நாளு பழக்கினாத்தானே சட்டி. இதையும் பழக்கணும்னுதான் சொல்லிட்டுப் போறான்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. புது வண்டியின் அச்சு, புதுச் செருப்பு, புது நாயனத்தின் சீவாளி எல்லாம் அப்படித்தானே. 'போட வேண்டும்' என்றால் ஸ்விட்சைப் போடுவது என்று மூவரும் எடுத்துக்கொண்டோம். மெஷின் பிள்ளைகளின் குரலுக்கே பழகட்டும் என்று டீச்சர் சொன்னார். ஜூன் 7 அன்று பள்ளி திறந்தது. அன்று முதல் ஒன்றாம் வகுப்பு அலமாரியின் மேல் ஒரு துணியை விரித்து, டப்பாவை ஒரு முனையிலும் குமிழை மறு முனையிலும் வைத்தோம். கிட்டத்தில் வைத்தால் கீச்சென்று கத்தியது. காலை பத்தரைக்கு நான் ஸ்விட்சைப் போடுவேன், மூன்றரைக்கு அணைப்பேன். மழையால் பள்ளி நடக்காத இரண்டு நாள் போக, இருபத்தெட்டு நாளில் நூற்று நாற்பது மணி நேரம் அந்த மெஷின் எங்கள் பிள்ளைகளின் வாய்ப்பாட்டைக் கேட்டது.

சனிக்கிழமைதோறும் சோதனை செய்தேன். என் அறையின் கடிகாரத்தை வைத்து, குமிழை என் காதில் பொருத்திக்கொண்டு, டிக் சத்தம் எத்தனை அடி தூரம் வரை கேட்கிறது என்று அளந்தேன். பிறகு டீச்சர் ஐந்து நிமிஷம் வைத்துப் பார்ப்பார். நோட்டில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதினேன். முதல் வாரம் பதினோரு அடி. டீச்சர், 'இரைச்சல்'. மூன்றாம் வாரம் பதினோரு அடி. டீச்சர், 'இரைச்சல் கொஞ்சம் குறைவு'. ஆறாம் வாரம் பதினோரு அடி. டீச்சர், 'நல்ல குறைவு'. மெஷினில் ஒரு அங்குல மாற்றம்கூட இல்லை என்பது என் கையெழுத்திலேயே இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. டீச்சர் சொன்னதையே பார்த்தேன். அவருக்கும் எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

ஜூலை 21, புதன்கிழமை, இன்ஸ்பெக்டர் வந்தார். திருவனந்தபுரத்துக்காரர், அவருடைய தமிழில் உதடு வேறு மாதிரி அசைந்தது. டீச்சர் டப்பாவை ஒரு சிறு துணிப்பையில் போட்டு இடுப்பில் செருகி, குமிழைக் காதில் பொருத்தியிருந்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். இன்ஸ்பெக்டர் டீச்சரைக் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஒரு சொல் சொல்ல வேண்டும், டீச்சர் அதை எழுத வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

முதல் பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை எழுந்து 'தாழை' என்று தெளிவாகச் சொன்னது. அந்நேரம் ஓட்டின் மேல் மழை விழ ஆரம்பித்தது. யாரோ சிலேட்டைப் பெஞ்சில் உரசினார்கள். டீச்சர் சாக்குக்கட்டியைப் பலகையில் வைத்தபடி நின்றார். பிள்ளை இரண்டாவது தடவை சொன்னது. மூன்றாவது தடவையும் சொன்னது. பலகையில் ஒரு புள்ளிதான் விழுந்திருந்தது. டீச்சர் திரும்பி என்னைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "எல்லாரும் ஒண்ணிச்சுப் பேசுதாவளே, சாரே. ஒருத்தரைப் பேசச் சொல்லுங்க" என்றார்.

அந்த வகுப்பில் அப்போது அந்த ஒரு பிள்ளையைத் தவிர யாருமே பேசவில்லை.

இன்ஸ்பெக்டர் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. குறிப்பை எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனார். ஆகஸ்டு 31 அன்று டீச்சர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் இசபெல் என்ற புது டீச்சர் வந்தார்.

மிச்சமிருந்த நான்கு பேட்டரியை வீணாக்குவானேன் என்றுதான் டீச்சர் வீட்டில் மெஷினைக் காதில் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார். வேறு வேலையும் இல்லை. பகல் முழுக்க வாளிச் சத்தமும் காக்கைச் சத்தமும் பொறுத்துக்கொண்டு இருந்தார். பேட்டரி தீரத் தீரத் தேவகுமார் தபாலில் அனுப்பினார். அக்டோபர் 16 அன்று நான் அவர் வீட்டு வாசலில் நின்று, ஜெபகுமாரியிடம் சாதாரணக் குரலில், "டீச்சர் இருக்காவளா?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து, "இருக்கேன், சாரே, வாருங்க" என்று பதில் வந்தது. அவர் என் உதட்டைப் பார்க்கவில்லை. நடுவில் சுவர் இருந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். பதினோரு அடி, பதினோரு அடி, பதினோரு அடி. பழக வேண்டியது அந்த டப்பா அல்ல, டீச்சரின் காது. வாரத்துக்கு ஐந்து நிமிஷம் வைத்ததற்கே அவருக்கு இரைச்சல் குறைந்திருக்கிறது. நூற்று நாற்பது மணி நேரமும் காதில் இருந்திருந்தால் மழைக்குள்ளும் 'தாழை' கேட்டிருக்கும். அந்த நூற்று நாற்பது மணி நேரத்தை அலமாரிக்குக் கொடுத்தவன் நான்.

மறுநாள் நோட்டோடு போய் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஜெபகுமாரி அடுக்களைக்குள் போய்விட்டாள். பிறகு டீச்சர், "இருபத்தெட்டு நாளு மெஷினுக்குப் பாடம் எடுத்திருக்கோம். அது ஒண்ணாம் கிளாஸ் பாஸாயிருக்கும், சாரே" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

மேனேஜருக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினேன். தேதி, மணி, அடி எல்லாம் கொடுத்து, தவறு என்னுடையது, டீச்சரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று கேட்டேன். நவம்பர் 9 அன்று பதில் வந்தது. இடம் நிரப்பப்பட்டுவிட்டது, புது டீச்சரைக் காரணமில்லாமல் விலக்க முடியாது. மேனேஜர் சொன்னதில் பிழை இல்லை. பதிலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் வாசித்து மடித்து வைத்தார்.

அதன் பிறகு அவருடைய காது மாதத்துக்கு மாதம் தெளிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் முழுவதும் கேட்டார். சந்தையில் மீன்காரியிடம் பேரம் பேசினார். ஆனால் பள்ளி நாட்களில், காலை பத்து மணிக்கு முதல் மணி அடித்ததும் குமிழைக் கழற்றி வைத்துவிடுவார். மதிலுக்கு அப்பால் ஒன்றாம் வகுப்பு வாசிப்பது இரண்டாவது வீடு வரை கேட்கும். மாலை நான்கு மணிக்குப் பிறகு யாராவது போய்க் கையைத் தொட்டு, பள்ளி விட்டாயிற்று என்று சொன்னால்தான் மறுபடி மாட்டிக்கொள்வார்.