இருசம்மாளின் மூன்று கத்திகள்

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எனக்கு எண்ணெய்க் கடை. பெயர் ரவூப். எந்த எண்ணெய் எதற்கு என்று என்னிடமே கேட்டுவிட்டு, சொன்ன பிறகு "அப்படியா?" என்று இழுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. வெள்ளிமலை இருசம்மாளும் அப்படி இழுத்தவர்தான். அவரைத் திட்டியும் இருக்கிறேன். ஆனாலும் அந்தம்மாவைப் பற்றி யாராவது தரக்குறைவாகப் பேசினால் சண்டைக்குப் போய்விடுவேன்.

வெள்ளிமலையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சலூன் கடை. இருசம்மாளின் வீட்டுக்காரர் பழனி நடத்தியது. பழனிக்குக் கடைசி நான்கு வருடம் கை நடுங்கியது. கத்தி தீட்டியது, மொட்டை போட்டது, முகம் மழித்தது எல்லாமே இருசம்மாள்தான். புருஷன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த வரைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்ததும் ஊருக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ!

பழனி விட்டுப்போனவை மூன்று மடக்குக் கத்திகள். பிளேடு மாட்டும் கத்தியும் கடையில் உண்டு. ஆனால் மொட்டைக்கு இந்தக் கத்திதான் வேண்டும் என்று மலைக்காரர்கள் பிடிவாதமாகக் கேட்பார்கள். ஒவ்வொரு தலைக்கும் கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கித்தான் எடுப்பார் இருசம்மாள்.

பழனி இல்லாத முதல் ஆயுத பூஜைக்குக் கத்திகளை விரித்து வைத்து, வழக்கம்போலச் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிட்டார். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை வரைக்கும் தொடக்கூடாது. அந்த வருடம் அடை மழை வேறு. மேகம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிற ஊர் அது. மறுநாள் துடைத்துப் பார்த்தால் மூன்றிலும் துரு.

இதற்காகவே காத்துக்கொண்டிருந்ததுபோல வந்தார் தங்கதுரை. பழனியின் தம்பி, மலைக்குக் கீழே சொந்தமாகச் சலூன் வைத்திருப்பவர். அண்ணன் கடை மேலும் அவருக்கு ஒரு கண். தாலியறுத்தவள் கை பட்டால் இரும்பும் கெட்டுப்போகும் என்று ஊர் நடுவில் நின்று சொன்னார். துருவைக் கண்ணால் பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். ஊர்ப் பெரியவர் கொளஞ்சியப்பன் ஒரு வருடம் தவணை கொடுத்தார். அடுத்த ஆயுத பூஜையிலும் துரு பிடித்தால் கடை தங்கதுரைக்கு. அந்தக் கடையை விட்டால் இருசம்மாளுக்குக் கஞ்சிக்கு வழியில்லை. அடுத்தவர் காட்டில் களை பறிக்கத்தான் போக வேண்டும்.

மறுவாரமே பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"என் கையில இன்னா விஷமா இருக்குது பாய்? கத்தி துரு ஏறாத எண்ணெயா ஒண்ணு குடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

தேங்காய் எண்ணெய்தான் என்று அடித்துச் சொன்னேன். "அப்படியா?" என்று இழுத்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது. மார்கழியில் திரும்பி வந்து ஒரு கத்தியை என் மேசை மேல் வைத்தார். மலைக் குளிரில் எண்ணெய் உறைந்து, திட்டுத் திட்டாக உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் புள்ளி புள்ளியாகத் துரு. என் வாயை அடைத்துவிட்டார்.

நல்லெண்ணெய் பூசினால் நாளடைவில் பிசுக்காகித் தூசியைப் பிடித்தது. உளுந்தூர்பேட்டை லாரிப் பட்டறையிலிருந்து யாரோ கிரீஸ் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அந்த நாற்றத்தை யார் தாடையில் தேய்ப்பது என்று தூக்கிப் போட்டுவிட்டார். தையல் மிஷின் எண்ணெய் கொடுத்தேன். கத்தி மடங்குகிற ஆணிக்கு அது அருமையாக இருந்தது. ஆனால் அலகில் நிற்கவில்லை. நாலு நாளில் வழிந்து போனது.

கடைசியில் விளக்கெண்ணெயைக் கேட்டு வாங்கியது அவரேதான். பாட்டிலைக் கழுவினாலும் போக மாட்டேன் என்கிறதே, கத்தியை விட்டு மட்டும் போய்விடுமா என்றார். அதைவிட ஒன்று கண்டுபிடித்திருந்தார். ஈரம் இருக்கும்போது எந்த எண்ணெயைப் பூசினாலும் வீண். முதலில் துணியால் துடைத்து, தோல் வாரில் இழுத்து, ஆணி இடுக்கு வரைக்கும் காய வைத்து, அப்புறம் ஒரே ஒரு சொட்டு. மழிக்கும் முன் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவிவிடுவார். ஆடி, ஆவணி மழையிலும் கத்தி பளிச்சென்று இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. நானும் ஜீப் பிடித்து மலைக்குப் போனேன். என் கடை எண்ணெய் ஆயிற்றே, மனசு கேட்கவில்லை. இருசம்மாள் அலகுக்கு எண்ணெய் பூசிவிட்டு, ஈரச் சந்தனப் பொட்டைக் கைப்பிடியில் மட்டும் வைத்தார். தங்கதுரை குதித்தார். அலகில் சந்தனம் படாத பூஜை பூஜையே இல்லையாம். இருசம்மாள் அசையவில்லை. ஆம்பளை கை எப்படி என்று காட்டுகிறேன் பார் என்று, தங்கதுரை தன் புதுக் கத்திக்கு அலகு முழுக்கச் சந்தனம் பூசி, குங்குமம் அப்பி, பக்கத்திலேயே வைத்தார். கடையைப் பூட்டி, சாவியைக் கொளஞ்சியப்பன் வாங்கிக்கொண்டார். ராத்திரி முழுக்க மழை. எனக்குத் தூக்கம் வரவில்லை. இருசம்மாள் நன்றாகத் தூங்கினாராம்.

காலையில் கொளஞ்சியப்பனே கடையைத் திறந்து, கத்திகளைக் கையில் எடுத்தார். இருசம்மாளின் மூன்றையும் துடைத்தார். ஒரு புள்ளி இல்லை. தங்கதுரையின் கத்தியில் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினார். சந்தனம் பட்ட இடமெல்லாம் செம்மண் நிறத்தில் துரு. தங்கதுரை எதையோ முணுமுணுத்தார். வாங்கும்போதே கத்தி மட்டமாம்.

இருசம்மாள் அந்தக் கத்தியை வாங்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். குரலை உயர்த்தவில்லை.

"இதுல எந்த தாலியறுத்தவ கை பட்டுதுங்க?"

கொளஞ்சியப்பன் சாவியை அவர் கையில் கொடுத்தார். பிறகு மேல்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மழிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, தாடையை நிமிர்த்திக் காட்டினார்.