கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்

1. முதல் நாள்

எங்கள் மனநல கிளினிக்குக்குத் தனி வாசல் கிடையாது. குழித்துறையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, அதன் வெயிட்டிங் ஹாலைக் கடந்து, மாடிப்படி ஏறி வரவேண்டும். கவுன்சிலராகச் சேர்ந்த முதல் நாளே டாக்டரம்மா எச்சரித்தார்: "கன்னத்தப் பிடிச்சிட்டு யாரு வந்தாலும் எந்தப் பல்லுன்னு கேட்டிராத. முக்கால்வாசி நம்ம பேஷண்டு." தெரிந்தவர் கண்ணில் பட்டால் பல்வலி என்று சொல்லிக்கொள்ளலாம். பல்வலிக்கு ஊரில் மரியாதை உண்டு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். நான் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து இந்த வேலையில் சேர்ந்ததும் அம்மா பெருமையாக எல்லாரிடமும் சொன்னாள், மகன் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறான் என்று.

2. மருந்து கேட்ட அப்பா

ஜெபினைக் கூட்டிவந்தவர் அவன் அப்பா. களியக்காவிளையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஜெபினுக்கு ஆண்கள் மேல்தான் விருப்பம். பெண் பார்க்கத் தொடங்கியதும் அதை வீட்டில் சொல்லிவிட்டான். அப்பா அதை ஊரெல்லாம் சொல்லி வழி விசாரித்து, அவனை ஏதோ ஒரு வைத்தியனிடம் கொண்டுபோனார். அங்கே கட்டிப்போட்டுப் பிரம்பால் அடித்திருக்கிறார்கள். மணிக்கட்டில் கயிற்றுத் தடம் ஆறவில்லை.

தனியாகப் பேசும்போது அவன் ஒன்றுதான் கேட்டான். "அண்ணே, திரும்ப அங்க மட்டும் கொண்டு போவாம பாத்துக்கிடுங்க. போனா நான் உயிரோட இருக்கமாட்டேன்."

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் ஜெபினோடு நெடுநேரம் பேசிவிட்டு அப்பாவை அழைத்தார்.

"உங்க மகனுக்க விருப்பம் நோய் இல்ல. அடி வாங்கின பயம் இருக்கு. அத நாங்க பாக்கிறோம்."

"நோய் இல்லியா?" அவருக்குப் பெரிய ஏமாற்றம். "இன்னும் ஒருக்க நல்லா பாருங்க டாக்டரே. வட்டுன்னு எழுதித் தாங்க. மருந்து என்ன வெலையானாலும் வாங்கலாம்."

மற்ற வீட்டுக்காரர்கள் வட்டு, அதாவது பைத்தியம், என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் என்று கெஞ்சுவார்கள். அதை எழுதச் சொல்லிக் கெஞ்சியவரை அன்றுதான் பார்த்தேன்.

"நோய்னா மருந்து உண்டு," என்றார். "நோய் இல்லேன்னா நான் எங்க கொண்டு போவ? பழைய வைத்தியன்தான் கதி."

"கொண்டு போனா அடிபட்ட கேசுன்னு எம்.எல்.சி. போட்டுப் போலீசுக்குச் சொல்லுவேன்," என்றார் டாக்டரம்மா. "உங்க கண்ணு இப்படிச் செவந்து கெடக்கே, உறங்கி எவ்வளவு நாளாச்சு? மருந்து உங்களுக்குத்தான் வேணும்."

அவர் எழுந்துவிட்டார். "எனக்கென்ன வட்டா?"

மகனுக்குப் பொருந்திய சொல் தனக்குப் பொருந்தவில்லை. அவனை இழுத்துக்கொண்டு படியிறங்கினார். இறங்கும்போதும் கன்னத்தைப் பிடித்துக்கொள்ள மறக்கவில்லை.

ஜெபினிடம் என் நம்பரைக் கொடுத்திருந்தேன். தினமும் காலையில் ரோஜாப்பூ போட்ட ஒரு குட்மார்னிங் படம் அனுப்புவான். அதுவரை அப்படிப் படங்கள் அனுப்புகிறவர்களைக் கேலி செய்தவன் நான். இப்போது அது வந்தால்தான் சோறு இறங்கியது.

3. புதுப் பெண்

பல் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். எங்கள் வழக்கத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து மகனோடு திரும்பவும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த ஜெபினின் அப்பாவை நேராகப் பல் நாற்காலியில் ஏற்றிவிட்டாள். ஏதோ வேலையாக நான் இறங்கிவந்தபோது அவர் கழுத்தில் துணி கட்டி, வாயைத் திறந்துகொண்டிருந்தார்.

"இந்தப் பல்ல எடுத்திரலாம்," என்றார் பல் டாக்டர்.

ஜெபினின் அப்பா தலையாட்டினார். பல்லைக் கொடுப்பாரே தவிர, மாடிக்கு வந்ததாக வாயைத் திறந்து சொல்லமாட்டார்.

அறை வாசலில் நின்ற ஜெபின் ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "பல்லுக்கு ஒண்ணும் இல்ல டாக்டரே. அப்பாவுக்கு உறக்கம் இல்ல. மேல மனசு டாக்டர்ட்ட காட்ட வந்தோம்."

"மெல்ல சொல்லுலே."

"எனக்க காரியத்த ஊர் முழுக்க சொன்னப்போ மெல்லவா சொன்னீங்க?"

ஹாலில் கன்னத்தைப் பிடித்திருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பா எழுந்தார். கழுத்துத் துணியோடே படியேறினார். பாதிப் படியில் நின்று, மகன் முகத்தைப் பார்க்காமல், "அந்த வைத்தியனுக்க நம்பர அழிச்சிட்டேன்," என்றார். கன்னத்தில் கை இல்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கூட்டிவந்தவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். சில சமயம் பேஷண்ட் அவர்தான்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமும் சொன்னேன், இனி மனநல கிளினிக்கில் வேலை என்றே எல்லாரிடமும் சொல்லும்படி.

"சொல்லலாம் மக்கா," என்றாள். "முதல்ல ஒனக்குக் கல்யாணம் முடியட்டு."