படுத்திருப்பவரின் பங்கு

"உட்காந்து பாக்கற வேலையா, நின்னு பாக்கற வேலையா?" ஆளை எடை இயந்திரத்தில் ஏற்றிவிட்டு, முள் நிற்பதற்குள் கேட்டுவிடுவார் தராசக்கா. மருத்துவமனையின் உணவு ஆலோசகர். பெயர் நோயாளிகள் வைத்தது. ஒருமுறை காவலாளி ஒருவர், "நின்னுக்கிட்டே தூங்கற வேலைம்மா" என்றார். அக்கா சிரிக்காமல், "அப்போ உட்காந்த கணக்குதான்" என்று அவர் சாப்பாட்டில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார்.

உயரம், எடை, வயது, ஆணா பெண்ணா, உடம்பு எவ்வளவு அசைகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்க ஒருவருக்கு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும் என்று மனக்கணக்காகவே சொல்வார். "இது உத்தேசம்தான். உடம்பு என்ன சொல்லுதுன்னு பாத்து மாத்திக்கலாம்" என்பதையும் மறக்க மாட்டார். பேருந்தில் போனாலும் அந்தக் கண் ஓயாது. மூட்டையோடு படியேறுகிறவரைப் பார்த்தால், காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டாரோ இல்லையோ என்று மனம் அடித்துக்கொள்ளும்.

அக்காவின் கணவர் பெயின்டர். பகலெல்லாம் ஏணியில் ஏறி இறங்கிய உடம்பு. தட்டில் மலையாகக் குவித்தாலும் வயிறு ஒட்டியே கிடக்கும். போன மழைக்காலத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது. எலும்பு கூடும்வரை அக்கா அவர் சாப்பாட்டைக் குறைக்கவில்லை. கூடிய பிறகும் கணவர் படுக்கையை விட்டு எழவில்லை, எடைதான் ஏறியது. அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தார். பழைய பங்கில் பாதிக்குச் சற்று மேல்தான் வந்தது. அதைச் சொல்ல நா எழவில்லை. சொல்லாமலே தட்டில் குறைத்தார்.

கணவர் தட்டைப் பார்த்தார். "சம்பாதிக்காதவனுக்கு இது போதும்னு போட்டியா?"

ஊருக்கெல்லாம் விளக்கும் அக்கா, தண்ணீர் எடுக்கப் போவதுபோல் அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாளிலிருந்து, போட்டதிலும் பாதியைக் கணவர் ஒதுக்கினார். பசியில்லை என்றார். ஏறிய எடை இறங்கி, பழைய எடைக்குக் கீழேயும் போயிற்று.

ஒருநாள் முதுகைத் துடைத்துவிடும்போது தோளெலும்பு கையில் இடறியது. அக்கா துண்டை வைத்துவிட்டுத் திக்கித் திக்கிச் சொன்னார். ஏணி ஏறிய உடம்பின் தேவை வேறு, படுத்திருக்கும் உடம்பின் தேவை வேறு. எடை கூடினால் நடக்கப் பழகும்போது கால் தாங்காது.

"முதல்லயே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"என்ன பயம்?"

"நீங்க இனிமே எழுந்திருக்க மாட்டீங்கன்னு நான் முடிவு பண்ணிட்டதா நெனைப்பீங்களோன்னு."

இப்போது எவ்வளவு சாப்பிடலாம் என்று கணவர் கேட்டார்.

அக்கா அளந்து போடவில்லை. சோற்றுப் பாத்திரத்தையும் இரண்டு தட்டுகளையும் கட்டிலருகே கொண்டுவந்தார். கணவரைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, கரண்டியை அவர் கையில் கொடுத்தார்.

அள்ளிய முதல் கரண்டியை, கணவர் மனைவியின் தட்டில் போட்டார்.