சிவப்பு அம்புக்குறி

என் கைப்பையின் அடியில் இன்னும் ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சிவப்பு அம்புக்குறி போட்டது. பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் நான் நின்ற காலத்து மிச்சம். துணியில் ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்ட இடமோ தென்பட்டால் அதைக் காட்டி அம்பை ஒட்ட வேண்டும். சரிசெய்ய முடிந்தது ஆல்ட்டர் என்று தையல்காரரிடம் திரும்பும். முடியாதது ரிஜெக்ட் மூட்டைக்குப் போகும். குறையே இல்லாதது பாஸ். என் பக்கத்தில் நின்ற பொங்கலூர் அக்கா அம்பு ஒட்டுவதில் ஈவிரக்கமே பார்க்காதவர். அவர் கண்ணுக்குத் தப்பிய பனியன் ஒன்றை நான் பார்த்ததில்லை.

அவருக்கு இடுப்பில் வலி வந்தது. டாக்டரம்மா சொன்னபடி ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தார். மறுநாள் டீ வேளையில், ரிப்போர்ட்டுக்கு முன்பே படம் அவர் கைப்பேசிக்கு வந்துவிட்டது. கறுப்பு வெள்ளைப் புகைமூட்டத்தின் நடுவே ஓர் அம்புக்குறி. அதில் வேறெதுவும் எங்களுக்கு விளங்கவில்லை. அம்பைப் படிக்க மட்டும் நன்றாகத் தெரியும்.

"ரிஜெக்ட் பண்ணிட்டாங்க கண்ணு," என்றார் அக்கா. முகம் வெளிறிவிட்டது. இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். "மூட்டையில போட்ட பீஸை மறுபடி எதுக்கு விரிச்சுப் பாக்கறது? எம் புள்ள பன்னெண்டாவது முடிக்கற வரைக்கும் தாக்குப் புடிச்சாப் போதும்." எனக்குக் கோபம் வந்தது. கைப்பேசியைப் பிடுங்கி, படத்தை ஆஸ்பத்திரி எண்ணுக்கு நானே அனுப்பிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டாக்டரம்மா வீடியோ காலில் வந்தார். கேன்டீனே எங்களைச் சுற்றி நின்றது.

"அந்த அம்பு, கல்லு இருக்கற எடத்தைக் காட்டறதுக்கு வெச்சதுங்கம்மா. கிட்னியில ரொம்பச் சின்னக் கல்லு. மாத்திரை தர்றேன், தண்ணி நல்லாக் குடிங்க, தானாப் போயிரும். நீங்க தண்ணியே குடிக்கறதில்லீங்களா?"

குடிப்பதில்லைதான். பாத்ரூம் போய் வருவதற்குள் பீஸ் தேங்கிவிடும் என்று அந்த மேசையில் யாருமே குடிப்பதில்லை. அக்கா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார்.

"அப்ப இது ஆல்ட்டர்தானுங்களா?"

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கேன்டீனுக்குப் புரிந்தது. அக்கா சிரித்துக்கொண்டே அழுதார், நானும்தான். மறுநாள் தன் தண்ணீர் பாட்டிலின் பாதியில் ஓர் அம்பை ஒட்டி, மதியத்துக்குள் அதுவரைக்கும் குடித்தாக வேண்டும் என்று மேசைக்கே சட்டம் போட்டார். கல்லும் சில வாரங்களில் போய்விட்டது.

இப்போது நான் வேலைக்குப் போவதில்லை. வயிற்றில் பிள்ளை, ஐந்தாம் மாதம். இன்று காலை என் ஸ்கேன் படம் கைப்பேசிக்கு வந்தது. குட்டி முகம் ஒன்றின் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியும், ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது. படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். மெஷின் சத்தத்துக்கு நடுவிலிருந்து அவர் குரல் வந்தது:

"பாஸ் கண்ணு, பாஸ்! நீ தண்ணி குடிச்சியா?"